யாருக்கு அந்த அமுக்கரா?

கராடி, புனே
12 நவம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

ராஜஸ்ரீ எழுதுகிறேன். இந்தக் கடிதம் வந்திருக்கும் டின் உங்களுடையதுதான். தீபாவளிக்குக் கோபிச்செட்டிபாளையம் வந்துவிட்டுக் கிளம்பும்போது, மேலே 'ராஜஸ்ரீக்கு' என்று காகிதம் ஒட்டி என் பெட்டிக்குள் நீங்களே வைத்த அமுக்கராச் சூரணம். மூடியைக்கூடத் திறக்கவில்லை. எனக்கு இனிமேல் இது வேண்டாம்.

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. உங்களுக்கு ஒரு காது மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். நான் இங்கே தும்மினால் அங்கே பால் சொசைட்டியில் இருப்பவர்கள் நலம் விசாரிக்கிறார்கள். என் உடம்பைப் பற்றி ஊர் பேசியது போதும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் ஆபீஸ் லிஃப்டில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை நடுங்கி, லேப்டாப் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிற பெண்கள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இந்த வருஷத் தொடக்கத்திலிருந்து தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். டாக்டர், மராட்டிக்காரப் பெண், "வேறென்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார். தினமும் காலையில் பாலில் அஷ்வகந்தா, அதாவது நம் அமுக்கரா, என்றேன். எத்தனை நாளாக என்றார். நாலு வருஷமாக என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! அந்த வேரும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் தைராய்டு எகிறிவிடுமாம். இன்றோடு நிறுத்து என்றார். நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ப்ரீத்திக்குத் தை மாதம் வளைகாப்பு. டாக்டர் பயணம் கூடாது என்றதால் இங்கேயே, விஷ்ராந்த்வாடியில், என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் நடக்கப் போகிறது. தீபாவளியன்று அத்தனை சொந்தங்களையும் வைத்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "ராஜஸ்ரீ பந்தியைப் பாத்துக்கட்டும். வளையல் தட்டுக்கிட்ட அவ வேண்டாம்." கையில் முறுக்குத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள்.

நான் ப்ரீத்தியின் அண்ணி. வந்தால் வளையல் போடத்தான் வருவேன். சாம்பார் வாளி தூக்க வர மாட்டேன்.

ராஜஸ்ரீ


கோபிச்செட்டிபாளையம்
24 நவம்பர் 2024

அம்மிணி ராஜஸ்ரீக்கு,

உன் மாமனார் காலமான பிறகு பால் சொசைட்டிக்குத் தவிர நான் யாருக்கும் எழுதியதில்லை. என்னையும் எழுத வைத்துவிட்டாய். சந்தோஷம்.

கூரியர்காரன் டின்னைக் கொடுத்ததும் காலி டின் வந்திருக்கிறது என்று நினைத்தேன். தூக்கினால் கனம். எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. அது கடையில் வாங்கி அனுப்புகிற சரக்கா? வேரை ஒடித்துப் பார்த்து, பட்டென்று ஒடிந்து உள்ளே வெள்ளையாக இருப்பதைத்தான் எடுப்பேன். மண் போகக் கழுவி, காயவைத்து, இடித்துச் சலிப்பேன். பானையில் நம் மாட்டுப் பாலும் தண்ணீரும் பாதிப் பாதி ஊற்றி, வாயில் துணி கட்டி, துணிமேல் மாவைப் பரப்பி ஆவியில் அவிப்பேன். புட்டு அவிக்கிற மாதிரிதான். அப்புறம் நிழலில் உலர்த்தி, மறுபடி இடித்துச் சலிப்பேன். இடித்து முடிக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும். அவ்வளவும் உனக்காகச் செய்தேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை என்று பெருமையாக எழுதுகிறாய்.

அமுக்கராவைப் பற்றி எனக்கு டாக்டர் சொல்ல வேண்டாம். டைபாய்டு வந்து நான் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது என்னை எழுப்பி நடக்க வைத்தது இந்த வேர்தான். தூக்கம் வராதவனுக்குத் தூக்கம் தரும். முட்டி வீங்கினால் சுக்கோடு அரைத்துப் பற்றுப் போட்டால் வீக்கம் அமுங்கும். ஆண்பிள்ளைக்குத் தாது விருத்தி, பெண்பிள்ளைக்குக் கர்ப்பப்பைக்குப் பலம். மாதாமாதம் தலைக்குக் குளித்த மூன்றாம் நாளிலிருந்து பாலும் நெய்யும் சேர்த்துக் குடித்துப் பிள்ளை பெற்றவர்களை எனக்குத் தெரியும். நீ அதைக் காபியில் போட்டுக் குடித்தாயோ, வெறும் வயிற்றில் குடித்தாயோ, யார் கண்டது? தைராய்டு மாத்திரை சாப்பிடுவதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? சொல்லியிருந்தால் நானே நிறுத்தச் சொல்லியிருப்பேன். உன்னைக் கொல்லவா டின் அனுப்பினேன்?

குறை இருக்கிற இடத்துக்குத்தான் மருந்து போக வேண்டும். அதைத்தான் நான் செய்தேன்.

வளையல் விஷயம். நம் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கட்டுச்சோறு போடுவதுதான் வழக்கம். மாப்பிள்ளை ஹர்ஷா வீட்டார் வளைகாப்பே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அதில் பிள்ளை பெற்ற சுமங்கலிதான் வளையல் போட வேண்டுமாம். நானா வைத்தேன் இந்தச் சட்டத்தை? ஒன்று கேட்கிறேன், நான் பெற்ற மகளுக்கு நான் வளையல் போட முடியுமா? தாலி இல்லாதவள் தட்டைத் தொடக்கூடாது. அன்றைக்கு நானும் தூணோரம்தான் நிற்கப் போகிறேன். நான் பொறுத்துக்கொள்ளவில்லையா? உனக்கு மட்டும் என்ன அவ்வளவு ரோஷம்?

டின்னைத் திரும்ப அனுப்புகிறேன். மாத்திரை விவகாரத்தை முடித்துக்கொண்டு, டாக்டரைக் கேட்டுவிட்டு, ஒரு மண்டலம் ஒழுங்காகக் குடி.

அத்தை,
மயிலாத்தாள்


கராடி
9 டிசம்பர் 2024

அத்தைக்கு,

டின் வந்தது. மேலே மறுபடியும் என் பெயர்.

குறை இருக்கிற இடத்துக்குத்தான் மருந்து போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான பேச்சு. அந்த ஒரு வரியைப் படித்த பிறகு எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் பரிசோதனை செய்துகொண்டோம். எனக்கு ஒன்றும் இல்லை. சபரிக்குத்தான். உயிரணுக்கள் மிகவும் குறைவு என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். "அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் ராஜி" என்றார். சரி என்றேன். பிடித்த மனுஷன் அழும்போது வேறென்ன சொல்ல முடியும்?

அதற்குப் பிறகும் உங்கள் டின் வந்துகொண்டேதான் இருந்தது. காபியில் போட்டுக் குடித்தேனா என்று கேட்டீர்களே! காலையில் பாலைக் காய்ச்சி, சூரணத்தைப் போட்டு, கட்டி தட்டாமல் கலக்கி என் கையில் கொடுத்தது யார் தெரியுமா? உங்கள் மகன். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். "அம்மா கேட்டா குடிச்சாச்சுன்னு சொல்லலாம்ல" என்பார். அவருக்கு வேண்டிய மருந்தை அவரே கலக்கி எனக்குக் கொடுத்தார். நானும் மக்குமாதிரி குடித்தேன். அதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

இந்த வேர் முக்கியமாக ஆண்களுக்குத்தான் என்று எங்கள் ஆபீஸில் ஜிம்முக்குப் போகிற ஒவ்வொருவனும் சொல்லுவான். டப்பாவில் குதிரைப் படம் போட்டு விற்கிறார்கள். மிட்டாய் மாதிரிகூட வருகிறது. அவர்களை விடுங்கள். 'ஆண்பிள்ளைக்குத் தாது விருத்தி' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு தெரிந்த நீங்கள், இந்த நாலு வருஷத்தில் ஒரே ஒரு டின்மேல் சபரியின் பெயரை எழுதினீர்களா? அவருக்கும் ஒரு குறை இருக்கலாம் என்று உங்களுக்கு ஒரு நிமிஷமாவது தோன்றியதா?

வளைகாப்பு உங்கள் பக்கத்து வழக்கமே இல்லை என்கிறீர்கள். வழக்கமே இல்லாத சடங்கில் யாரை ஒதுக்கி வைப்பது என்பது மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் வழக்கமாகிவிட்டது?

இந்தக் கடிதத்தை எழுதப் போகிறேன் என்று சபரியிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். ஒளித்துச் செய்யவில்லை. டிபன் சாப்பிடாமல் ஆபீஸுக்குப் போய்விட்டார்.

டின்னைத் திருப்பி அனுப்பவில்லை. அவருடைய மேசைமேல் வைத்திருக்கிறேன்.

ராஜஸ்ரீ


கோபி
17 டிசம்பர் 2024

ராஜஸ்ரீக்கு,

இப்படி எழுத உனக்கு எப்படித்தான் கை வந்தது?

கட்டினவனைப் பற்றி இப்படி ஒரு பெண் காகிதத்தில் எழுதுவாளா? என் மகன் சின்ன வயசிலிருந்து ஒருநாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கபடியில் கப் வாங்கினவன். அவனுக்கு என்ன வந்தது? ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆயிரம் சொல்லுவார்கள். நீயும் சேர்ந்து சொல்லுவாயா?

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். ப்ரீத்திக்கும் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லப் போவதில்லை.

அவன் வாயால் சொல்லட்டும், நம்புகிறேன். பத்துத் தரம் போன் போட்டேன், எடுக்கவில்லை. நீதான் எடுக்க விடவில்லையோ?

பந்திக்கும் நீ வர வேண்டாம்.

மயிலாத்தாள்


கராடி
29 டிசம்பர் 2024

அத்தைக்கு,

சரி. வரவில்லை.

உங்கள் மகனின் போனை நான் பிடுங்கி வைத்துக்கொள்ளவில்லை. அவர் ஹாலில்தான் படுக்கிறார், அவர் போனும் அங்கேதான் இருக்கிறது. என்னிடமும் அவசியமானதைத் தவிர எதுவும் பேசுவதில்லை. காஸ் தீர்ந்துவிட்டது, வாட்ச்மேன் பார்சல் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். சபரியைக் கேவலப்படுத்த நான் எழுதவில்லை. எனக்குத் தைராய்டு இருக்கிற மாதிரி அவருக்கு இது. 'குறை' என்பது உங்கள் வார்த்தை. உங்களுக்கே திருப்பிக் கொடுத்தேன். அவர் கபடி கப் வாங்கியது உண்மை, நானும் பார்த்திருக்கிறேன், ஷோகேஸில் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டாக்டர் வேறு வழிகள் இருக்கின்றன என்றார். அதில் போவதா, தத்து எடுப்பதா, ஒன்றுமே வேண்டாம் என்று இருப்பதா, அதை நாங்கள் இருவரும் முடிவு செய்வோம். குழந்தை இல்லையே என்று நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. என்னை மலடி என்று பார்க்கிற பார்வையை இனிமேல் வாங்கிக்கொள்ள மாட்டேன். அதுதான் விஷயம்.

போன கடிதத்தை எரித்த மாதிரி இதையும் எரித்துக்கொள்ளுங்கள். எரித்தால் நான் குடித்த பால் இல்லை என்று ஆகிவிடாது.

ராஜஸ்ரீ


விஷ்ராந்த்வாடி, புனே
2 பிப்ரவரி 2025

அம்மிணி ராஜஸ்ரீக்கு,

ப்ரீத்தி வீட்டிலிருந்து எழுதுகிறேன். வியாழக்கிழமையே வந்துவிட்டேன். நம் சொந்தத்தில் பாதிப் பேர் ரயிலேறி வந்து இங்கே கூடத்தில் பாய் விரித்துக் கிடக்கிறார்கள். இதை ஹர்ஷாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் படித்துவிடுவாரோ என்று பயம் இல்லை. புனேயிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் கராடி வந்துவிடும்.

நேற்றுச் சபரியை இங்கே வரச் சொன்னேன். வராவிட்டால் நானே ஆட்டோ பிடித்து அவன் ஆபீஸ் வாசலில் வந்து உட்காருவேன் என்றேன். வந்தான். உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு "ஆமாம்மா" என்றான். அழுதேன். அதை ஏன் மறைக்க வேண்டும், பெற்றவள் அழத்தானே செய்வேன்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டேன். "பாலை நீ கலக்கி அவளுக்குக் குடுத்தியா?"

அதற்கும் "ஆமாம்மா" என்றான்.

முப்பத்தாறு வயசுப் பிள்ளைக்குத் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தேன். "உடம்புக்கு வர்றது யாரு தப்பும் இல்லடா. உன் மருந்தை அவளுக்குக் கலக்கிக் குடுத்துட்டு நின்னு பாத்தியே, அதுக்குத்தான் இது" என்றேன். நான் இடித்த அமுக்கராவை வைத்து என் மகனே இப்படி ஒரு நாடகம் ஆடியிருக்கிறான். என் பெயரைச் சொல்லி ஆடியிருக்கிறான். அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு டின்மேலாவது அவன் பெயரை எழுதினீர்களா என்று நீ கேட்டாயே, எழுதவில்லைதான். ஆண்பிள்ளையைப் பெற்றவள் என்கிற மிதப்பு. வேறென்ன?

கதவைத் திறந்தால் கூடத்தில் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை, எனக்குத்தான் மெதுவாகப் பேச வராதே. என் ஓரகத்தி, சபரியின் சித்தி, வளையல் தட்டுக்கு யார் யார் என்று பேச்சை ஆரம்பித்தாள். "முதல் வளையல் ராஜஸ்ரீதான்" என்றேன். "ஏனுங்க்கா, ஒரு நல்ல காரியம் நடக்கறப்ப, ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றாள். "என் மருமக உடம்புல ஒண்ணும் இல்ல. மேல கேக்கோணும்னா என்னைக் கேளு" என்றேன்.

அப்போதுதான் சபரி வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நிமிர்ந்து சொன்னான். "சித்தி, பிரச்சனை எனக்கு. ராஜிக்கு இல்ல. இத்தனை வருஷம் அவ பேச்சு வாங்கினதே எனக்காகத்தான்." எல்லோர் முன்னாலும், சத்தமாக. ஒரு ஷூவோடு நின்று சொன்னான். குட்டு வைத்த கையாலேயே அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்கு அது எழுத வராது. டின்னில் இருக்கிற காகிதத்தைக் கிழித்துவிட்டு அவன் பெயரை எழுது. நீ பால் காய்ச்சித் தராதே. வேண்டுமென்றால் அவனே காய்ச்சட்டும். டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிக்கச் சொல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு வா. முதல் வளையல் உன்னுடையது. நீ வராமல் தட்டை எடுக்க மாட்டேன். ப்ரீத்தி பசியோடு மணையில் உட்கார்ந்திருப்பாள், அந்தப் பாவம் உன்னைச் சேரும்.

அத்தை,
மயிலாத்தாள்


கராடி
4 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

ஹர்ஷா கடிதத்தைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கும்போது, "அண்ணி, அமுக்கரான்னா க்யா?" என்று கேட்டார். முதல் பக்கத்தைத் தாண்டிவிட்டார் போலிருக்கிறது. ஜாக்கிரதை.

ஒரு ஷூவோடு நின்ற கதையைச் சபரியும் சொன்னார். சொல்லும்போது காது சிவந்துபோயிற்று. குட்டு வாங்கிய இடத்தையும் காட்டினார். நல்ல வீக்கம். சுக்கோடு அமுக்கரா அரைத்துப் பற்றுப் போடவா என்று கேட்டேன். இரண்டு மாதத்துக்கு அப்புறம் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

டின்னில் அவர் பெயரை அவரே எழுதி ஒட்டிக்கொண்டார். டாக்டரிடமும் அவரே கேட்டார். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம் டாக்டர். நம்புகிறாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லையாம். டாக்டர் வேண்டாம் என்றால் டின் உங்களுக்கே திரும்பி வரும், கோபித்துக்கொள்ளக் கூடாது. காய்ச்சிப் பழகுகிறேன் என்று இன்று காலையில் வெறும் பாலை அடுப்பில் வைத்தார். பொங்கி வழிந்தது. நான் எழுந்து போகவில்லை. அடுப்பை அவரேதான் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கூப்பிட்டது எனக்குச் சந்தோஷம். படித்துவிட்டு அழுதேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் எனக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு நீங்கள் தூணோரம் போய் நிற்பீர்கள் என்றால் நான் வர மாட்டேன். முதல் வளையலை நான் போடுகிறேன். இரண்டாவது வளையலை நீங்கள் போட வேண்டும். ப்ரீத்தியைப் பெற்றவர் நீங்கள். அவள் கைக்கு உங்களைவிட யாருக்கு உரிமை? தாலி இல்லாதவர் தொடக்கூடாது என்று யாராவது சொன்னால், மேலே கேட்க வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள் என்று நான் சொல்லுவேன். அந்த வார்த்தையை உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

மாட்டேன் என்றால் எழுதுங்கள். நானும் வீட்டில் இருந்துகொள்கிறேன். ப்ரீத்தியின் பசி நம் இருவரையும் சேரட்டும்.

ராஜஸ்ரீ


விஷ்ராந்த்வாடி
6 பிப்ரவரி 2025

அம்மிணி,

நீ ஒரு பிடிவாதக்காரி. எனக்கு ஏற்ற மருமகள்தான் வந்து வாய்த்திருக்கிறாய்.

நேற்றுப் பகல் முழுக்க யோசித்தேன். முடியாது என்று எழுதக் காகிதம்கூட எடுத்துவிட்டேன். ப்ரீத்தியிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டேன். "நீ போடாம வேற யாரும்மா போடுவாங்க?" என்று கையை நீட்டிவிட்டாள். அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்கு எதுவும் எழுத வரவில்லை.

கூடத்தில் சொன்னேன். பெரிய ரகளை. அப்படி நடந்தால் தான் மணைப்பக்கமே வர மாட்டேன் என்று என் ஓரகத்தி சொல்லிவிட்டாள். நல்லது என்றேன். பந்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இருந்தது, அவளையே போட்டுவிட்டேன்.

துளசிபாக் கடைத்தெருவில் பச்சைக் கண்ணாடி வளையல் நன்றாக இருக்கும் என்கிறார்கள். வரும்போது நீயே வாங்கி வா. ஒரு டஜன் அதிகமாக வாங்கு, நான் நாலைந்தை உடைப்பேன். உன் மாமனார் போனதிலிருந்து யார் கைக்கும் வளையல் ஏற்றியதில்லை, பழக்கம் விட்டுப்போயிற்று. நான் ஏற்றும்போது அவள் கையை நீ பிடித்துக்கொள்.

அத்தை,
மயிலாத்தாள்